பருமனும் பரம்பரையும்

“நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை” என்பது நம் நாட்டுப் பழமொழி. முகச்சாயல், நடை, குரல் ஆகியவற்றில் இப்பழமொழியின் உண்மையை அன்றாடம் காண்கிறோம். நோய்களிலும் இஃது அப்படியே பலிக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். “தந்தைக்கு நீரிழிவு, எனக்கும் வந்தது. தாய் பருத்த உடலினர்; மகளும் பருத்தாள். எங்கள் குடும்பத்து வாகு அது, என் செய்வது?” என்று கூறி அமைதியடைகின்றனர். இவ்வெண்ணத்தில் மெய் எவ்வளவு என்பதை இன்றைய விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரளத்தின் எல்லைப்புறங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா மற்றையோர்க்கு இருப்பதைவிட நெருக்கமானது. அதற்குக் காரணம் அவர்களுடைய வரலாற்றிலேயே உள்ளது.

மலையேறிய முன்னோர்

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலங்களைப் பெற்றார். சில ஆண்டுகளில் அங்குத் தேயிலை பயிராகத் தொடங்கியது. காட்டைத் திருத்தவும் கொழுந்து எடுக்கவும் கங்காணிகளின் பின்னே மலையேறியவர்களில் பெரும்பாலோர் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளைச் சேர்ந்த எளிய தமிழ்மக்கள். அதற்குச் சற்று முன்னர்தான், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியிருந்தது. பசியால் துரத்தப்பட்ட குடும்பங்கள் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் லயங்களில் குடியேறின. உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து இன்றும் நம் பெண்மக்கள் ஜீப்புகளில் சென்று திரும்புகின்றனர்.

பாலக்காட்டின் கிழக்குக் கோடியிலும் இதனையொத்த ஒரு வாழ்வைக் காணலாம். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வேளாண்மை செய்து வருகின்றனர். மழை குறைந்த அந்நிலத்தில் உழவு என்பது உடலை வருத்தும் தொழில். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோடு இவ்வூர்களுக்குக் கிழக்கே வரையப்பட்டது. ஆயினும் கொள்வினை கொடுப்பினை எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. பொள்ளாச்சியிலும் தேனியிலும் திருநெல்வேலியிலும் உள்ள உறவினரிடம் ஓடும் இரத்தமே இவர்களிடமும் ஓடுகிறது.

இக்குடும்பங்களின் முதல் தலைமுறையில் பருத்த உடலைக் காண்பது அரிது. செங்குத்தான சரிவில் நாள் முழுவதும் நின்று, கொழுந்துச் சாக்கைச் சுமந்து எடைபோடும் இடத்துக்கு ஏறியிறங்கியவர்க்குக் கொழுப்புச் சேர இடமேது? அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ இன்று மூணாற்றுக் கடைகளிலும், கோயமுத்தூர் அலுவலகங்களிலும், வளைகுடா நாடுகளிலும் அமர்ந்து பணி செய்கின்றனர். இவர்களிடையே பருமனும் நீரிழிவும் மலிந்து வருவதைக் காண்கிறோம். மூன்று தலைமுறைக் காலத்தில் ஒரு மக்களினத்தின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியவை உணவும் உழைப்பும் ஆகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நீறு பூத்த நெருப்பு

கையில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதனை அழற்சி என்பர். உடல் தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் நெருப்பு அது. பகை ஒழிந்ததும் நெருப்பு அணைந்துவிடும். இவ்வகை அழற்சி நமக்கு நன்மையே செய்கிறது.

மற்றொரு வகை அழற்சியும் உண்டு. அதில் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. நீறு பூத்த நெருப்பைப் போல ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அதனைக் கண்ணால் அறிய இயலாது. இரத்தத்தைச் சோதித்தே அறியலாம். அத்தகைய சோதனையில் அளக்கப்படும் பொருள்களுள் முதன்மையானது சி-ரியாக்டிவ் புரதம் என்பது. 1930-இல் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் இதனைக் கண்டறிந்தனர். இப்புரதத்தை உண்டாக்குவது கல்லீரல். அவ்வாறு உண்டாக்கும்படி கல்லீரலுக்குக் கட்டளையிடுவது இன்டர்லூக்கின்-6 என்னும் மற்றொரு பொருள்.

இந்நெருப்புக்கும் உடற்பருமனுக்கும் என்ன தொடர்பு? கொழுப்புத் திசுவை நெடுங்காலம் ஒரு சேமிப்புக் குதிராகவே மருத்துவர் கருதி வந்தனர். 1993-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர் பருத்த எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்பா என்னும் அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் கண்டனர். அப்பொருள் இன்சுலினின் வேலையைத் தடை செய்தது. 2003-இல் வேறு சில ஆராய்ச்சியாளர், பருத்த உடலின் கொழுப்புத் திசுவுக்குள் வெள்ளணுக்கள் பெருங்கூட்டமாய்ப் புகுந்து தங்குவதைக் காட்டினர். குதிர் என்று எண்ணியது உண்மையில் ஓர் உலைக்களம் என்பது தெளிவாயிற்று. வயிற்றினுள் குடல்களைச் சூழ்ந்து படியும் கொழுப்பே இதில் மிகவும் கொடியது.

கொழுப்புத் திசு நன்மை செய்யும் பொருளொன்றையும் சுரக்கிறது. அதன் பெயர் அடிப்போநெக்டின். அழற்சியைத் தணித்து, இன்சுலினுக்கு உதவுவது அதன் இயல்பு. வியப்பு யாதெனில், கொழுப்பு மிக மிக அடிப்போநெக்டின் குறைகிறது.

ஓரெழுத்து வேற்றுமை

இனி மரபணுக்களைப் பற்றிச் சிறிது காண்போம். நம் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளாலான ஒரு பெருஞ்சுவடி உள்ளது. அதன் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள். எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் சுவடி பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் ஆங்காங்கே ஓரெழுத்து வேறுபடும். சி-ரியாக்டிவ் புரதத்தின் மரபணு முதலாம் குரோமோசோமில் உள்ளது. அடிப்போநெக்டினுடையது மூன்றாவதிலும், டி.என்.எஃப். ஆல்பாவினுடையது ஆறாவதிலும், இன்டர்லூக்கின்-6-இனுடையது ஏழாவதிலும் உள்ளன. இம்மரபணுக்களில் நேரும் ஓரெழுத்து வேற்றுமையால், ஒரே எடையுள்ள இருவருள் ஒருவர்க்கு அழற்சிப் பொருள் சற்று மிகுதியாகவும் மற்றவர்க்குச் சற்றுக் குறைவாகவும் இருத்தல் கூடும்.

உடல் எடையோடு நேரே தொடர்புடைய மரபணு வேற்றுமைகளும் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது பதினாறாம் குரோமோசோமில் உள்ள எஃப்.டி.ஓ. என்னும் மரபணு. 2007-இல் ஐரோப்பியரிடம் நடந்த ஆராய்ச்சியில், இதன் எடை கூட்டும் வடிவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அதனை ஒருவரிடமிருந்தும் பெறாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று கிலோ மிகுந்த எடை உடையவராய் இருந்தனர். பருமனோடு தொடர்புடையனவாக அறியப்பட்ட பொதுவான மரபணு வேற்றுமைகளுள் மிக வலியனவற்றுள் ஒன்று இது. அதன் ஆற்றலே மூன்று கிலோதான்! இருபது கிலோ கூடிய ஒருவர் பழி முழுவதையும் ஒரு மரபணுவின் தலையில் சுமத்துவது நியாயமாகாது அன்றோ?

புகையா, நெருப்பா?

இங்கே ஒரு நுட்பமான வினா எழுகிறது. பருத்தவர்களின் இரத்தத்தில் அழற்சிப் புரதம் மிகுந்துள்ளது. அழற்சியினால் பருமன் வந்ததா, பருமனால் அழற்சி வந்ததா? மாமரம் முந்தியதா, மாங்கொட்டை முந்தியதா என்பது போன்ற இவ்வினாவுக்கு மரபணுக்களே விடை பகர்ந்தன.

மரபணு பிறப்பிலேயே அமைவது; பின்னர் நாம் உண்பதாலோ உறங்குவதாலோ மாறாதது. ஆகவே காரணம் எது, விளைவு எது என்று அறிய அஃது ஒரு நல்ல உரைகல்லாகும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் வாழும் மக்களைக்கொண்டு இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. சி-ரியாக்டிவ் புரதத்தைப் பிறவியிலேயே மிகுவிக்கும் மரபணு உடையவர்கள் அதன் காரணமாகப் பருத்துவிடவில்லை. எடையை மிகுவிக்கும் மரபணு உடையவர்களிடமோ எடையும் மிகுந்திருந்தது, அப்புரதமும் மிகுந்திருந்தது. ஆகவே பருமனே முன்னது. இப்புரதத்தின் மிகுதி பின்னது. பருமன் நெருப்பு என்றால் இப்புரதம் அதன் புகை.

புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணையாது. அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லி விற்கப்படும் சூரணங்களுக்கும் மாத்திரைகளுக்கும் பணத்தைக் கொட்டும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. எடை குறைந்தால் இப்புரதம் தானே குறைகிறது என்பதைப் பல ஆராய்ச்சிகள் மெய்ப்பித்துள்ளன.

சென்னையில் கண்டது

ஐரோப்பியரைப் பற்றிய முடிவுகள் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். தக்க கேள்வியே. நம்மவரிடமே நடந்த ஆராய்ச்சிகளை இனி நோக்குவோம். எல்லைப்புறத் தமிழரின் உற்றார் உறவினர் வாழும் தமிழகத்தின் தலைநகரில், மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன் முதலியோர், நகர மக்களையும் நாட்டுப்புற மக்களையும் உட்கொண்ட பேராய்வொன்றை நடத்தினர். சி-ரியாக்டிவ் புரதம் உடற்கொழுப்போடும் நீரிழிவோடும் இதயநோயோடும் இணைந்தே மிகுவதாக அவ்வாய்வினர் 2005-இல் வெளியிட்டனர். அடிப்போநெக்டின் மரபணுவில் ஓரிடத்து ஓரெழுத்து மாறியவர்களிடம் அந்நற்பொருள் குறைந்தும், பருமனும் நீரிழிவும் மிகுந்தும் காணப்படுவதாக 2008-இல் அறிவித்தனர். எஃப்.டி.ஓ. மரபணுவும் தென்னிந்தியரிடம் பருமனோடு தொடர்புடையதே என்பது 2011-இல் தெரியவந்தது.

இவ்வளவும் பரம்பரையின் பக்கம் பேசும் சாட்சிகள். அடுத்து வந்த சாட்சியோ வழக்கையே திருப்பிவிட்டது. பேராசிரியர் விமலேசுவரன் கரணி முதலியோர் சென்னை ஆய்வில் பங்குகொண்டவர்களின் உணவையும் உடலுழைப்பையும் மரபணுவோடு சேர்த்து ஆராய்ந்து 2016-இல் எழுதினர். எஃப்.டி.ஓ. மரபணுவின் எடை கூட்டும் வடிவை உடையவர்களுள், சோறு முதலிய மாவுச்சத்தை மிகுதியாக உண்டவர்களிடமே அதன் தீங்கு ஓங்கி நின்றது. உடலுழைப்பு அற்றவர்களிடமும் அதன் கை ஓங்கியது. உழைப்பவரிடம் அத்தீங்கு அவ்வாறு தலைகாட்டவில்லை. உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 2,18,166 பேரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வும், உடலுழைப்பு இம்மரபணுவின் தீங்கை நூற்றுக்கு 27 பங்கு குறைப்பதாகக் கூறியது.

தேயிலைச் சரிவில் ஏறிய பாட்டியிடமும் இதே மரபணு இருந்திருக்கலாம். அவருடைய உழைப்பு அதனை அடக்கி வைத்திருந்தது. நாற்காலியில் அமர்ந்த பேரனிடம் அது தலைதூக்குகிறது. விதை ஒன்றே, மண்ணும் நீரும் மாறின.

மெலிந்த தோற்றமும் மறைந்த கொழுப்பும்

“நான் பருமனில்லை; எனக்கு என்ன கவலை?” என்று எண்ணும் அன்பர்க்கும் ஒரு சொல் உண்டு. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் அவர்களும் இலண்டன் டாக்டர் யட்கின் அவர்களும் தங்கள் உடலையே அளந்து 2004-இல் ஒரு படம் வெளியிட்டனர். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கும் எண் இருவர்க்கும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்போ, இலண்டன்காரர்க்கு நூற்றுக்கு 9.1, நம் நாட்டவர்க்கு 21.2. தோற்றத்தில் ஒத்திருந்தும் உள்ளே இரு மடங்குக்கு மேல் கொழுப்பு!

இலண்டனில் குடியேறிய இந்திய வம்சாவளி ஆண்களை அந்நாட்டு வெள்ளையரோடு ஒப்பிட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வு, நம்மவரின் சி-ரியாக்டிவ் புரதம் நூற்றுக்கு 17 மிகுந்திருப்பதாகக் காட்டியது. வயிற்றுப் பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அவ்வேற்றுமை மறைந்துவிட்டது. தாயகம் விட்டுச் சென்று வாழ்வோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. வேற்றுமையின் இருப்பிடம் இடுப்பைச் சுற்றிய கொழுப்பே.

ஆகவே நம்மவர்க்கு எடைப் பலகையைவிட இடுப்பளவே சிறந்த வழிகாட்டி. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. எடை-உயர எண் 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை கொள்ளவேண்டும். 25-ஐ எட்டினால் பருமன் என்றே கொள்ளவேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 25 என்னும் அவ்வெண்ணை எட்டியோர் கேரளத்தில் நூற்றுக்கு 38 பேர். தமிழ்நாட்டில் 40 பேர். எல்லையின் எப்பக்கம் நின்றாலும் நிலைமை ஒன்றே.

கருவறையில் தொடங்குவது

1962-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் நீல் ஒரு கருத்தை வெளியிட்டார். பஞ்சங்களைக் கடந்து பிழைத்தவர்கள் கிடைத்த உணவைச் சிக்கனமாய்ச் சேமிக்கும் மரபணு உடையவர்கள். அச்சிக்கனமே செழிப்புக் காலத்தில் அவர்தம் சந்ததிக்குப் பகையாகிறது என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு இனிதாயினும் இதனை ஐயுறும் விஞ்ஞானிகள் பலர். தாது வருஷம் போன்ற ஒரு பஞ்சம் மரபணுக்களின் அமைப்பைத் திருத்தி எழுதிவிட இயலாது.

பஞ்சமும் வறுமையும் வேறொரு வாயில் வழியே உள்ளே நுழைகின்றன. அவ்வாயில் தாயின் கருவறை. புனே அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளோடு டாக்டர் யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டு 2003-இல் எழுதினர். நம் நாட்டுக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, அந்நாட்டுக் குழந்தையினுடையது 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை மெலிந்திருந்தது. உடல் உறுப்புகள் சிறுத்திருந்தன. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்கு ஊட்டம் குறைந்தால், சிசு கொழுப்பைக் காத்துத் தசையை இழக்கிறது. அவ்வாறு பிறந்த பிள்ளை பின்னாளில் செழிப்பைக் கண்டால் நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது.

தோட்டத்திலும் வயலிலும் பாடுபடும் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் பாலும் ஓய்வும் கிடைக்கச் செய்வது அறம் என்று அறிவோம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய நோய்க்கு இன்றே இடும் அணையும் அதுவே.

செய்யத்தக்கன யாவை?

பரம்பரையை அறிவிப்பதாகக் கூறி மரபணுச் சோதனை செய்யும் வாணிப நிலையங்கள் இந்நாளில் பெருகியுள்ளன. பெரும்பான்மையோர்க்கு அச்செலவு தேவையில்லை. சோதனையின் முடிவு எதுவாயினும் வைத்தியர் கூறப்போகும் அறிவுரை ஒன்றே. தாய் தந்தையர்க்கு நீரிழிவு உண்டா என்று கேட்டறிவதே செலவில்லாத மரபணுச் சோதனை. சி-ரியாக்டிவ் புரதச் சோதனையையும் தாமாகச் செய்துகொண்டு அஞ்சவேண்டுவதில்லை. காய்ச்சலும் பல் ஈறு வீக்கமும் கூட அவ்வெண்ணை உயர்த்திவிடும். அதனை வைத்தியர் கேட்டால் மட்டும் செய்துகொள்க.

உறுதியான பயன் தருவது எது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் அவர்கள் தலைமையில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2006-இல் அதன் முடிவு வெளியாயிற்று. வழக்கமான முறையில் விடப்பட்டவர்களுள் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர். தீட்டிய அரிசியும் இனிப்பும் எண்ணெயும் குறைத்து, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தவர்களுள் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. இதில் கருதத்தக்கது ஒன்று: முன்னரே உடலுழைப்பு உடையவர்களிடம், அவ்வுழைப்பை விடாது தொடருமாறு மட்டுமே கூறினர்.

இதனை நம் இல்லங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். தோட்டப் பணியிலிருந்து ஓய்வு பெறும் தாய்மார் அன்றோடு நடையையும் விட்டுவிடுகின்றனர். தட்டில் இடும் சோற்றின் அளவோ பழையபடியே இருக்கிறது. தீங்கு தொடங்கும் இடம் அதுவே. ஓய்வு பெற்ற மறுநாளே சோற்றில் கால்பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பயறும் காயும் இடுதல் வேண்டும். நாள்தோறும் நடத்தல் வேண்டும். பாலக்காட்டு மட்டை அரிசியும் கேழ்வரகும் நம் கைக்கெட்டும் பொருள்கள். ஆயினும் அவையும் அளவோடு உண்ணத்தக்கனவே. கொதிக்கும் தேநீரில் நாளைக்கு ஐந்து வேளை கலக்கும் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க மறக்கலாகாது.

முப்பது வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்துக்கொள்ளவேண்டும். கேரளத்தில் 2017 முதல் ஆர்த்திரம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக உயர்த்தப்பட்டு வருகின்றன. அங்கு இச்சோதனைகளைச் செய்துகொள்ளலாம். மலையாளம் தடையாய் இருக்கும் முதியோரைப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் உடன் அழைத்துச் செல்வது ஒரு சிறந்த தொண்டாகும்.

முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற மரபணுக்களை நாம் மாற்ற இயலாது. அவர்கள் விட்டுச் சென்ற உழைப்பையும் எளிய உணவையும் மீண்டும் கைக்கொள்ள இயலும். “குடும்பத்து வாகு” என்னும் சொல்லை இனி நம் இல்லங்களில் எவரேனும் கூறுவாராயின், அவர்தம் கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து இடுப்பை அளக்கச் செய்வோமாக. அளந்த எண்ணைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவைத்து, மூன்று திங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பார்ப்போமாக.